மேசைக்கு அப்பால்

"கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கேட்டதும் விடை வரவில்லை, ஆகவே ஆள் தேறமாட்டான்!" நேர்முகத் தேர்வு மேசைக்கு அப்பால் வீற்றிருப்போர் பத்தே நிமிடத்தில் வழங்கிவிடும் தீர்ப்பு இது. மேல்முறையீடு கிடையாது. வேலையோ கணக்கேடுகளைச் சரிபார்ப்பது! ஏட்டைப் பார்க்கவேண்டிய கண்ணுக்கு அதிகாரியின் முகத்தைப் பார்க்கும் பயிற்சி எதற்கு என்று கேட்கிறோம்.

ஆட்டிசம் உடையோரில் பலருக்கு, பிறர் கண்ணை நோக்கிக்கொண்டே அவர் சொல்வதைச் செவிமடுப்பது அரிது. கவனிப்பதற்காகவே கண்ணைத் தாழ்த்துகின்றனர். மேசையோ அதனைக் கள்ளத்தனம் என்று குறித்துக்கொள்கிறது. "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றால், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று திகைக்கின்றனர். "உமது குறை யாது?" என்றால் உள்ள குறையை உள்ளபடி உரைத்துவிடுகின்றனர். "அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை" என்று மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தவர் வேலையைத் தட்டிச் செல்கிறார். பொய்க்குப் பரிசு, மெய்க்குத் தண்டனை. இதற்குப் பெயர் தகுதி, திறமை! அந்தச் சொற்களை நாம் நன்கறிவோம், தோழர்களே! வகுப்புவாரி உரிமை கேட்ட போதெல்லாம் நம் முகத்துக்கு நேரே வீசப்பட்ட சொற்களன்றோ அவை?

நேர்முகத் தேர்வின் மீது ஐயம் புதிதன்று. சிறீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 150 மதிப்பெண்களில் 50 நேர்முகத்துக்கு என வைத்திருந்தனர். இரண்டு மூன்று நிமிடங்களே பேசினர், பெற்றோரையும் ஊரையும் பற்றியே கேட்டனர் என்று மாணவர்கள் வழக்காடினர். 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது முறையன்று என 1980-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 சனவரி முதல் நேர்முகமே நீக்கப்பட்டது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை!

ஆனால் அங்கெல்லாம் இருந்த அச்சம், கேட்பவர் ஓரவஞ்சகராய் இருந்தால் என்ன செய்வது என்பது. நாம் பேசுவதோ, கேட்பவர் அப்பழுக்கற்ற நேர்மையாளராகவே இருப்பினும் நேர்ந்துவிடும் அநீதியை. அவர் எவரையும் வெறுக்கவில்லை. தம்மைப் போல் பேசுபவரே தக்கவர் என்று நம்புகிறார், அவ்வளவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியன உடையோருக்கும் பங்கு தந்தது. சட்டம் கதவைத் திறந்தது. நேர்முகம் உள்ள பணிகளில், வாயிலில் கிடப்பதோ அதே மேசை.

"வேலையில் பேசவேண்டாமா?" என்பர். பேச்சே தொழிலான விற்பனையாளருக்குப் பேச்சைச் சோதியுங்கள், மறுக்கவில்லை. தையற்கடைக்காரர் ஆளெடுக்கும்போது துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்கிறார். தையற்காரரின் கண்ணையா பார்க்கிறார்? கணக்கருக்குக் கணக்கேட்டைக் கொடுங்கள். வினாக்களை முதல்நாளே அனுப்புங்கள். எழுதி விடையளிக்க விரும்புவோரை எழுதவிடுங்கள். கேட்பவருக்கு மட்டும் தருவோம் என்றால் பயனில்லை; கேட்பதற்கே "எனக்கு இந்நிலை" என்று அறிவிக்கவேண்டும், அறிவித்தால் அழைப்பே வராதோ என்று அஞ்சி வாய்மூடிக் கிடப்போர் பலர். ஆதலால், விண்ணப்பித்து அழைக்கப்பட்ட அனைவருக்கும், காரணம் கேளாமல், ஒன்றுபோல் அனுப்புங்கள் என்கிறோம்.