தேர் யாருடையது?

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை. தேக்கா கூட்டத்திலிருந்து தப்பிக்க, அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போனேன். நான் படித்த பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. நாலு வருடம் அங்கே சுற்றியும் உள்ளே போனதில்லை.

பையன் வந்தது டைனோசருக்காக. ஆனால் நின்றுவிட்டது திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் அது. நீளம் 10.6 மீட்டர். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் 'ஜூபி லீ' என்று பேர் வைத்தார்கள். வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குவளையும் இருந்தது. முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

"மாமா, யாரு கொன்னது?"

"யாரும் வேணும்னு கொல்லலடா. கப்பல்ல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அப்ப யாரு மேலயும் தப்பு இல்லையா?"

வாய்வரை வந்த 'இல்லை'யை முழுங்கிவிட்டேன். சரக்குக் கப்பல்களுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. கப்பல் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன செலவு என்று என் நிரல் சொல்லிவிடும். திமிங்கிலத்துக்கு அதில் இடமே இல்லை.

மனுநீதிச் சோழன் கதை ஞாபகம் வந்தது. திருவாரூர் இளவரசனும் வேண்டுமென்று கன்றின்மேல் தேர் ஏற்றவில்லை. அமைச்சர்களும் அதைத்தான் சொல்லிப் பார்த்தார்கள். மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் 'தெரியாமல் நடந்தது' என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாக மன்னன் நினைக்கவில்லை. தேர் யாருடையது என்று பார்த்தான்.

இந்தத் தேர் நம்முடையது. சிராங்கூன் சாலைக் கடையில் நான் வாங்கும் அரிசி கப்பலில்தான் வருகிறது. என் சம்பளமும் அதிலிருந்துதான். இத்தனை பேருக்குப் பங்கிருப்பதால், யாருக்குமே பங்கில்லை என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. எலும்புக்கூட்டால் அறிவியலுக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நமக்குக் கிடைத்த லாபம் அதற்குத் தந்த நஷ்டஈடு ஆகாது.

வேகம் குறைந்தால், மோதினாலும் திமிங்கிலம் பிழைக்க வாய்ப்பு கூடும். திமிங்கிலம் நடமாடும் கடல்வழிகளில் மெதுவாகப் போகும் கணக்கையும் அட்டவணையில் சேர்க்கலாமா என்று திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்டேன். "வாடிக்கையாளர் யாராச்சும் கேட்டாங்களா?" என்றார் மேலாளர்.

இல்லை. பசுவுக்காவது இழுத்து அடிக்க ஒரு மணி இருந்தது.

அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.