காத்திருப்பும் கடப்பாடும்

மனித வாழ்விற் காத்திருத்தல் புதுமையானதொன்றன்று. உழவன் மழைக்குக் காத்திருக்கிறான். கடலுக்குச் சென்றவனின் குடும்பம் கரையிற் காத்திருக்கிறது. எனினும் இயற்கையின் பொருட்டுக் காத்திருப்பதற்கும் பிற மனிதரின் தீர்மானத்தின் பொருட்டுக் காத்திருப்பதற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. மழை பெய்யாதுவிடின் மேகத்தின்மீது குற்றஞ்சாட்ட இயலாது. ஆனால், மனிதராற் செய்யப்படும் தீர்மானத்தைப் பொறுத்தவரை, அது எவ்வாறு செய்யப்பட்டது, எப்பொழுது செய்யப்பட்டது, எக்காரணம் பற்றிச் செய்யப்பட்டது என்னும் வினாக்கள் எழுகின்றன. அவை அறவியல் வினாக்களாகும். இலங்கையில் ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்நோக்கி நிற்கும் இளைஞரின் காத்திருப்பு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அக்காலத்தில் அவர்கள் அடையும் மனவேதனை தனிமனிதரின் பலவீனமாக மட்டும் கொள்ளத்தக்கதா, அன்றி அவர்களைக் காத்திருக்க வைக்கும் சமுதாயத்தின் கடப்பாடு பற்றிய பிரச்சினையா என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் அக்காத்திருப்பின் தன்மையை நோக்குதல் வேண்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரப் பல மாதங்கள் கழிகின்றன. பெறுபேறு கைக்கு வந்த பின்னரும் காத்திருப்பு ஓய்வதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பங்களைக் கோரி, அவற்றைப் பரிசீலித்து, கற்கைநெறிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ற வெட்டுப்புள்ளிகளை வெளியிடும் வரை மேலும் பல மாதங்கள் செல்கின்றன. அண்மைக் காலத்தில் அனுமதி கோரும் தகுதியைப் பெறுவோர் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர்; அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. அனுமதியின் பொருட்டு ஒருவர் மூன்று தடவைகள் மாத்திரமே பரீட்சைக்குத் தோற்றலாம். எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைத் தனது புள்ளியோடு ஒப்பிட்டு நம்பிக்கை கொள்வதா, அன்றி அடுத்த பரீட்சைக்கு மீண்டும் முதற் பாடத்திலிருந்து தொடங்குவதா என்று அறியாது தவிக்கிறாள். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, தொழிலொன்றைத் தேடுவதா, வீட்டிலே தொடங்கிவிட்ட திருமணப் பேச்சுக்கு என்ன மறுமொழி கூறுவது என்பனவெல்லாம் அந்த ஓரெண்ணைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே காத்திருப்புக் காலம் வாழ்வின் வெற்றிடமன்று. வாழ்வின் ஒரு பகுதியே.

இவ்விடத்துத் தத்துவ ஞானிகள் கூறும் ஆறுதலொன்று நினைவிற்கு வருதல் இயல்பு. தம் வசமுள்ளவற்றையும் தம் வசமில்லாதவற்றையும் பிரித்தறிந்து, முன்னையவற்றில் மட்டுமே மனத்தை வைக்குமாறு எபிக்ரீற்றசு போதித்தார். பலனிற் பற்று வையாது கடமையைச் செய்தலே உயர்ந்ததெனப் பகவத்கீதை உரைக்கின்றது. இவ்விரு நெறிகளின்படி நோக்கின், விடைத்தாளைக் கையளித்த அக்கணத்திலேயே மாணவனின் கடமை முடிந்துவிடுகின்றது. பின்னர் அவன் கலங்குவது அறியாமையின் பாற்படும். இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. விடைத்தாள் திருத்துவோரின் மேசைக்குச் சென்ற பின்னர் ஒவ்வொரு வினாவையும் மீண்டும் மீண்டும் எண்ணிப் புள்ளி கணிப்பவன் தன்னைத் தானே வருத்துகிறான் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்போதனை யார் வாயிலிருந்து வருகின்றது என்பது நோக்கற்பாலது. காத்திருப்பவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளும்போது அது ஞானம். காத்திருக்க வைப்பவன் அதனைக் கூறும்போது அது தன் கடப்பாட்டிலிருந்து நழுவும் வழி. கடன் பட்டவன் கடன் கொடுத்தவனை நோக்கிப் பற்றற்றிருக்குமாறு உபதேசிப்பதற்கு அது ஒப்பாகும். திருக்குறள் ஊழுக்கு ஓரதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓரதிகாரமும் வகுத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதொன்று உண்டென ஒப்புக்கொண்ட வள்ளுவர், அதனைக் காரணங்காட்டி முயற்சியைக் கைவிட இடந்தரவில்லை. மனிதரின் நிருவாகத் தாமதத்தை ஊழின் கணக்கில் எழுதிவிடுதல் அவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.

இனி, காத்திருப்பவரை வருத்துவது தாமதம் மட்டுமன்று. வரப்போகும் முடிவுக்குச் சமுதாயம் கற்பிக்கும் பொருளே அதனினும் பெரிய சுமையாகின்றது. வெட்டுப்புள்ளி உண்மையில் எதனைக் கூறுகின்றது? 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி முறையில், ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரி கழிக்கப்பட்டு, எஞ்சுவது நியம விலகலால் வகுக்கப்படுகின்றது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே இறுதிப் புள்ளி. அதாவது, அவ்வாண்டில் உடன் எழுதியோரிடையே ஒருவர் நிற்கும் நிலையையே அது காட்டுகின்றது. வெட்டுப்புள்ளியோ முன்கூட்டியே வகுக்கப்பட்ட தகுதி அளவுமன்று. கடைசி இடத்தைப் பெற்றவரின் புள்ளி எதுவோ அதுவே வெட்டுப்புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் ஒருவர் உள்ளே வரவும் மற்றவர் வெளியே நிற்கவும் நேர்கின்றது.

சிறந்த குழல்கள் சிறந்த குழலிசைப்போருக்கே உரியன என அரிஸ்ரோட்டில் வாதிட்டார். அவ்வுவமையைச் சற்று விரித்து நோக்கலாம். குழல்கள் பத்தும் குழலிசைக்க வல்லோர் நாற்பதின்மரும் இருப்பின், முப்பதின்மர் வெறுங்கையோடு திரும்புதல் தவிர்க்கவியலாதது. அவர்களை நோக்கிக் குழல் போதவில்லை என்று கூறுதல் உண்மை; இசை வராது என்று கூறுதல் பொய். தகுதி பெற்றும் இடம் பெறாத மாணவரைக் குறித்து வீட்டிலும் வீதியிலும் பாடசாலையிலும் கூறப்படுவது பெரும்பாலும் அப்பொய்யே. இடங்களின் பற்றாக்குறை மனிதரின் குறையாகப் பெயர் மாற்றம் பெறுகின்றது. முடிவை எதிர்நோக்குபவன் அஞ்சுவது இடம் கிடையாது போவதற்காக மட்டுமன்று. தான் பயனற்றவன் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடும் என்பதற்காகவே.

இவ்வாதத்துக்கு எதிராக ஒன்று கூறப்படலாம். புள்ளி மனிதரின் மதிப்பைக் காட்டாதாயின், இரவு பகலாகப் படித்தவனின் உழைப்புக்கு என்ன பொருள், பரீட்சை வெறும் சீட்டிழுப்பா என்று கேட்கப்படலாம். அவ்வாறன்று. பரீட்சை ஏதோ ஒன்றை அளக்கவே செய்கின்றது. உழைத்தவன் அறிந்தவற்றை அவனிடமிருந்து எந்த வெட்டுப்புள்ளியும் பறிக்கவியலாது. ஆனால் அறிவைப் பெறுதல் வேறு, பங்கிடப்படும் இடத்தைப் பெறுதல் வேறு. முன்னையது பெரும்பாலும் உழைப்பைச் சார்ந்தது; பின்னையது உழைப்போடு பாடசாலை, ஆசிரியர், மாவட்டம், அவ்வாண்டின் போட்டி, அரசு ஒதுக்கும் நிதி ஆகியனவற்றையும் சார்ந்தது. இயற்கைத் திறன்களும் பிறந்த சூழலும் ஒருவரும் உழைத்துத் தேடியவையல்ல என ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியமையும் இங்கு பொருந்துவதாகும்.

அங்ஙனமாயின், காத்திருக்க வைப்போரின் கடப்பாடுகள் யாவை? முதலாவது, விதி முன்னரே அறிவிக்கப்பட்டிருத்தல். இந்நாட்டின் வரலாறு இதற்குக் கசப்பான சான்று பகர்கின்றது. 1970-71 அனுமதியின்போது, மாணவர் பரீட்சை எழுதி முடித்த பின்னர், மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. பொறியியற் கல்விக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பின்தங்கிய பிரதேசத்தாருக்குக் கைகொடுப்பது நீதியா என்பது ஒரு வினா; நியாயமான மனிதர் அதிற் கருத்து வேறுபடலாம். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு பற்றிய விவாதம் அத்தகையது. ஆனால் ஆட்டம் முடிந்தபின் கோட்டை நகர்த்துதல் அவ்விவாதத்துக்குள் அடங்காது. அது ஓர் இளந்தலைமுறை அரசின்மீது வைத்திருந்த நம்பிக்கையை முறித்தது. அதன் விளைவுகள் பல்கலைக்கழக வாயில்களைக் கடந்து நெடுந்தூரம் சென்றன என்பதை எவரும் மறுக்கார்.

இரண்டாவது கடப்பாடு, காரணம் கூறுதலும் பிழையைத் திருத்துதலும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்ட முறையை 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தனித்தனியே மீளக் கணிக்க நேர்ந்தது. அதனாற் காத்திருப்பு மேலும் நீண்டதெனினும், அம்மாணவர்க்கு ஒன்று உணர்த்தப்பட்டது: புள்ளி விதியின் எழுத்தன்று, கேள்வி கேட்கக்கூடிய மனிதச் செயல்.

மூன்றாவது, காலத்துக்கு மதிப்பளித்தல். 1987க்கும் 1990க்கும் இடையில் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடப்பட்டுக் கிடந்தபோது, அனுமதிக்குரியோர் ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடந்தனர். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலேயே தொடங்கியது. பல்கலைக்கழக ஆசிரியர் புதிய வரி விதிப்பை எதிர்த்து விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகி நின்றமையாற் பணி தாமதித்து, பெறுபேறுகள் செப்டெம்பரிலேயே வெளிவந்தன. ஆசிரியருக்குப் போராடும் உரிமை உண்டு, அவ்வரிச்சுமை மெய்யானதே. எனினும், அரசுக்கும் ஆசிரியருக்கும் இடையிலான அவ்வழக்கில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் இல்லாத மாணவரே அதன் செலவைச் செலுத்தினர். மனிதரை எப்பொழுதும் நோக்கமாகக் கொள்ள வேண்டும், வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாடு இரு தரப்பினரையும் நோக்கி எழுப்பும் வினா இலேசானதன்று. பத்தொன்பது வயதில் இழந்த ஓராண்டு எந்த உடன்படிக்கையாலும் திருப்பித் தரப்படுவதில்லை.

இறுதியாக, உள்ளே வந்துவிட்டோரின் நிலையும் எண்ணற்பாலது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் காத்திருந்த நாட்கள் மறந்துபோதல் மனித இயல்பு. வெட்டுப்புள்ளி வெளியே நிற்பவனின் தகுதியைத் தீர்மானிக்கவில்லை என்பது மெய்யாயின், உள்ளே அமர்ந்திருப்பவனின் தகுதியையும் அது தீர்மானிக்கவில்லை என்பதும் மெய்யே. விரிவுரை மண்டபத்தின் ஒவ்வோர் இருக்கைக்கும் பின்னால் அதனை நிரப்பியிருக்கக்கூடிய வேறு மூவர் இருக்கின்றனர். அவர்களுடைய பெற்றோரும் செலுத்தும் வரியினாலேயே இலவசக் கல்வி நடைபெறுகின்றது. இதனை உணர்ந்த மாணவன் தன் இடத்தைப் பரிசிலாகக் கருதான். பிறர் சார்பில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகவே கருதுவான். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, முடிவு தெரியாது வாசலில் நிற்கும் அயல்வீட்டுப் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்பதைத் தவிர்த்து, விண்ணப்பப் படிவத்தை நிரப்பவோ அடுத்த தடவைக்குரிய பாடமொன்றைத் தெளிவாக்கவோ ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பது அப்பொறுப்பின் மிகச் சிறிய தவணையாகும்.