விட்டுக்கொடுத்தவரின் பங்கு

பெற்றோரின் நிலத்தைப் பிள்ளைகள் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்னும் கேள்வி, உழவு தோன்றிய நாள் முதலாய் மனிதனைத் தொடர்ந்து வருகிறது. சமமாகப் பிரிப்பதே நீதி என்று நம் மனம் உடனே விடை சொல்லும். பாகப்பிரிவினை என்னும் சொல்லே அவ்விடையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆனால் பிரிக்கப் பிரிக்க நிலம் ஒரு குடும்பத்தையும் வாழவைக்க இயலாத அளவுக்குச் சிறுத்துவிடுமானால், அப்பிரிவினை யாருக்கு நீதி செய்தது? இக்கேள்விக்கு வேறொரு விடை கண்ட மக்கள் உண்டு. அவர்களது விடையையும், அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சற்று எண்ணிப் பார்ப்போம்.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் அமைந்தது தென் திரோல். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இணைந்திருந்த இம்மாகாணத்தில், இன்றும் பெரும்பாலோர் ஜெர்மானிய மொழி பேசுவோர். கத்தோலிக்க மரபில் ஊறியவர்கள். அங்கே 'மூடிய பண்ணை' என்றொரு முறை வழங்கி வருகிறது. வீடு, மாட்டுத்தொழுவம், புல்வெளி, வயல், காடு ஆகிய அனைத்தும் சேர்ந்து, பிரிக்கவொண்ணாத ஓர் உடலாக நிலப்பதிவேட்டில் இடம்பெறும். அதற்கென அமைந்த உள்ளூர்க் குழுவின் இசைவின்றி ஒரு துண்டு நிலத்தையும் பிரித்து விற்க இயலாது. பெற்றோருக்குப்பின் பண்ணை முழுவதும் ஒரே வாரிசைச் சேரும்.

இப்பழைய வழக்கத்தை 1900ஆம் ஆண்டின் திரோல் சட்டம் உறுதிப்படுத்தியது. நாடு இத்தாலியின் கைக்கு மாறியபின், 1929இல் அச்சட்டம் வலுவிழந்தது. 1954இல் மாகாணச் சட்டமாக அது மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட 25 ஆண்டுகளிலும் பல குடும்பங்கள் தங்கள் பண்ணையைப் பிரிக்கவில்லை என்பது நம் கவனத்துக்கு உரியது. பிரித்துக் கேட்கும் உரிமை கையில் இருந்தும் உடன்பிறந்தோர் கேட்கவில்லை. அப்படியானால் பண்ணையைக் காத்தது சட்டம் மட்டுமன்று, விட்டுக்கொடுத்த மனங்களும்தாம்.

அவ்வாறு விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஜெர்மானிய மொழியில் ஒரு பெயர் உண்டு. 'விலகிச் செல்லும் வாரிசுகள்' என்பது அதன் பொருள். வாரிசு என்றால் பெறுபவர். இவர்களோ விலகுவதற்காகவே வாரிசானவர்கள்! சிலர் நகரில் கைத்தொழில் கற்றனர், சிலர் கடல்கடந்தனர், சிலர் குருக்களாகவும் கன்னியராகவும் இறைப்பணி ஏற்றனர். மணம்புரியாமல், பிறந்த வீட்டிலேயே, அண்ணனின் பண்ணையில் கூலியாளைப் போல் உழைத்து முதுமையடைந்தோரும் பலர். மலைச்சரிவில் இன்றும் நிற்கும் அழகிய பண்ணைவீடுகளைக் காணும்போது, சுவரில் பெயர் பொறிக்கப்படாத இவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

விலகுவோருக்குப் பங்கே இல்லை என்பதன்று. பண்ணையை ஏற்பவர் அவர்களுக்குரிய பங்கைப் பணமாகக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அப்பங்கு சந்தை விலைப்படி கணிக்கப்படுவதில்லை; நிலம் ஆண்டுதோறும் தரக்கூடிய நிகர விளைவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். சந்தையில் 10 இலட்சம் யூரோ பெறும் பண்ணையின் விளைவு மதிப்பு 2 இலட்சம் என்றால், 4 பிள்ளைகளில் விலகும் மூவரும் ஆளுக்கு 50 ஆயிரம் பெறுவர். சந்தைக் கணக்கிலோ ஆளுக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் வந்திருக்கும். இது அநீதி என்று தோன்றலாம். ஆயினும் சந்தை விலையைக் கொடுக்கவேண்டுமென்றால், பண்ணையை விற்றால்தான் கொடுக்க முடியும். அப்போது எவருக்கும் பண்ணை இராது.

சமமாகப் பிரித்தவர்களின் கதை என்ன ஆயிற்று? அதே திரோலின் மேற்கே, வின்ஷ்காவ் பள்ளத்தாக்கிலும் இன் ஆற்றின் மேற்பகுதியிலும், நிலத்தைப் பிள்ளைகள் அனைவருக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கமே ஓங்கியிருந்தது. வயல்கள் கீற்றுகளாயின. வறுமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் நிலம் துண்டானதும் அவற்றுள் ஒன்று. புனித சூசையப்பர் திருநாளையொட்டி, பனி மூடிய கணவாய்களைக் கால்நடையாய்க் கடந்து, சிறுவரும் சிறுமியரும் ஜெர்மனியின் மேல் சுவாபியாவுக்குக் கூட்டங்கூட்டமாய்ச் சென்றனர். ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களின் சந்தையில் பண்ணையார்கள் அவர்களை வேலைக்குப் பொறுக்கி எடுத்தனர். இலையுதிர்காலம்வரை மாடு மேய்த்தபின், சிறிது பணமும் புத்தாடையும் பெற்றுத் திரும்பினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்த இவ்வழக்கத்தில் 'சுவாபியக் குழந்தைகள்' எனப் பெயர்பெற்ற இவர்களுக்கு, அளவுகோல் தவறாத பங்கு காத்திருந்தது. வயிறு நிறையச் சோறு மட்டும் இல்லை. ஆகவே சமம் என்பதும் நீதி என்பதும் எப்போதும் ஒன்றல்ல.

அதற்காக மூடிய பண்ணையே நீதியின் வடிவம் என்று நாம் முடிவுகட்டிவிட இயலாது. நிலத்தைக் காப்பதே எல்லாவற்றிலும் மேலானது என்னும் எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1933இல் நாத்சி அரசு ஜெர்மனியில் ஒரு பண்ணை வாரிசுச் சட்டம் இயற்றியது. பண்ணையை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்றதோடு, 'ஜெர்மானிய இரத்தம்' உள்ளவனே உழவன் எனப்படுவான் என்றும் அது விதித்தது. மண் அங்கே தெய்வமாயிற்று. அயலான் மனிதனாகவும் எண்ணப்படவில்லை. 1947இல் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டே வட ஜெர்மனியில் வந்த புதிய பண்ணை விதியும் ஆண்பிள்ளைக்கே முதலிடம் தந்தது. அது சமத்துவத்துக்கு முரண் என்று ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. தென் திரோலில் பெண்பிள்ளை அச்சமநிலையைப் பெற 2001ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் விலகிச் சென்றோருள் பெண்கள், தாமே விலகியவர்களா, விலக்கப்பட்டவர்களா? வற்புறுத்திப் பெறுவதைத் தியாகம் என்று அழைப்பது தியாகத்துக்கே இழுக்காகும்.

அவ்வாறாயின் நீதி எங்கே இருக்கிறது? லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஒருவன் இயேசுவிடம் வந்து, சொத்தைப் பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுமாறு வேண்டுகிறான். ஆண்டவர் பங்கிடும் நடுவராயிருக்க மறுக்கிறார். அதன்பின் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைக் கூறுகிறார். அச்செல்வனின் பேச்சில் என் விளைச்சல், என் களஞ்சியம் என்பவை உண்டு. இன்னொரு மனிதரின் பெயர் இல்லை. நோய் பங்கீட்டில் இல்லை, 'என்' என்னும் அச்சொல்லில் இருக்கிறது என்று ஆண்டவர் சுட்டுவதாக நாம் கொள்ளலாம். புனித தோமா அக்குவினாஸும் இதனையே தெளிவுபடுத்துகிறார். உடைமையை ஈட்டவும் பேணவும் மனிதனுக்குத் தனியுரிமை உண்டு. அதன் பயனையோ பொதுவானதாய்க் கருதித் தேவையுற்றவரோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அவரது போதனை.

அந்த ஆல்ப்ஸ் உழவர்களின் பழைய ஒப்பந்தங்களிலேயே இப்போதனையின் சாயல் தெரிகிறது. பண்ணையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு 'முதியோர் பங்கு' என ஒன்று எழுதிவைக்கப்படும்: வாழ்நாள் முழுவதும் தங்க அறை, உணவு, விறகு, நோயில் பராமரிப்பு. அன்பு இருக்கையில் எழுத்து எதற்கு என்று கேட்கலாம். அன்பு தளரும் நாளும் வரக்கூடும் என்பதை அறிந்த ஞானம் அது; வாழும் நாளில் பிள்ளையின் கையை எதிர்பார்த்து நிற்காதே என்று சீராக்கின் ஞானநூலும் எச்சரிக்கிறதன்றோ? சில ஒப்பந்தங்களில் மற்றோர் உரிமையும் காணப்படும். விலகிச் சென்ற உடன்பிறந்தவர், மணமாகும்வரை, நோயுற்றாலோ வேலை இழந்தாலோ பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கலாம் என்பதே அது. பண்ணை நிலத்தளவில் மூடியதாயினும், கதவளவில் திறந்தே இருக்க வேண்டும் என்று அம்முன்னோர் கண்டனர்.

இன்று அங்கே சுற்றுலா பெருகிவிட்டது. மலைநிலத்தின் விலை ஏறிவிட்டது. குறைந்த மதிப்பில் பண்ணையை ஏற்ற ஒருவர் அதனை விற்றுப் பெருஞ்செல்வர் ஆனால், விட்டுக்கொடுத்தவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் ஆவர். வட ஜெர்மனியின் பண்ணை விதி இதனை முன்னுணர்ந்துள்ளது. ஏற்ற 20 ஆண்டுகளுக்குள் பண்ணையை விற்றால், உடன்பிறந்தோர் அந்த ஆதாயத்தில் பங்கு கேட்கலாம். ஆனால் 21ஆம் ஆண்டில் என்ன? சட்டத்தின் காலக்கெடு அங்கே முடிந்துவிடும். மனச்சான்றுக்குக் காலக்கெடு இல்லை.

முழுவதையும் பெற்றவர், பிறர் விட்டுக்கொடுத்ததையே பெற்றிருக்கிறார். பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கலாம். அதற்குள் அடங்கிய பெயர்களோ பல. நிலம் தம்முடையது என்றும், நாம் அதில் தங்கிச்செல்லும் விருந்தினர் என்றும் லேவியர் நூலில் இறைவன் உரைக்கிறார். விருந்தினராய் வந்தவருக்கு இன்னொரு விருந்தினரை வாசலில் நிறுத்திவைக்க உரிமை ஏது?