காவலும் சிறையும்

மனிதரின் அன்பையும் கண்காணித்து ஆணையிடும் அரசையே சர்வாதிகார அரசு என்கிறோம். 1935ஆம் ஆண்டு ஹிட்லரின் ஜெர்மனி, யூதருக்கும் ஏனைய ஜெர்மானியருக்கும் இடையே மணத்தைச் சட்டத்தால் தடுத்தது. 1949இல் தென்னாப்பிரிக்க வெள்ளையராட்சி நிறங்கடந்த மணத்தை விலக்கியது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும், சட்டம் அனுமதித்த மணத்தையும் அதிகாரம் குலைக்க வல்லது என்பதைக் கல்கத்தா நகரம் கண்டது.

2007 ஆகஸ்டில் ரிஸ்வானுர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் இளைஞர், ஹிந்துச் செல்வந்தர் ஒருவரின் மகளைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தார். இருவரும் வயது வந்தவர்கள். எனினும் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர். பெண் தந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். செப்டம்பர் 21 அன்று அவ்விளைஞரின் உடல் இருப்புப்பாதையருகே கிடந்தது. நகர மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் திரண்டனர். அக்டோபரில் போலீஸ் கமிஷனர் பதவியினின்று அகற்றப்பட்டார்.

இதில் தருமத்தின் நிலை யாது? உபாசகருள் சிலர் கேட்கக்கூடும்: "தாய், தந்தை, சகோதரர், சுற்றத்தார் காவலிலுள்ள பெண்ணை நாடுதல் பிழையென்று மூன்றாம் சீலத்தை விளக்கும் சூத்திரம் கூறுகிறதே, பெற்றோர் இசையாத மணம் சீலக்கேடு அன்றோ?" இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது.

காவல் எதன்பொருட்டு? வஞ்சனையாலோ வன்மையாலோ பெண்ணுக்குத் தீங்கு நேராதிருக்கும்பொருட்டு. ஆலையில் உழைத்த நாம் வாயிற்காவலரை அறிவோம். களவைத் தடுக்கவே அவர் நிற்கிறார். வேலை முடிந்த தொழிலாளியை உள்ளே பூட்டிவைக்க அன்று. வயதும் அறிவும் எய்திய மகள் தன் உள்ளம் ஒப்பியவரை மணந்தபின், அவள் விருப்பத்துக்கு எதிராக நிற்கும் காவல் எதைக் காக்கிறது? குலச் செருக்கையே காக்கிறது. அது காவல் அன்று, சிறை. மேலும், அதே சீலம் பிறர் மணந்த துணையை நாடாதே என்றும் விதிக்கிறது. அவ்வாறு மணத்தை மதிக்கும் சீலத்தைச் சொல்லி, மணந்த இருவரை வலிந்து பிரித்தல் எங்ஙனம் பொருந்தும்?

திவ்யாவதானத்தில் புத்தர் உரைக்கும் பழங்கதை ஒன்று உண்டு. மாதங்க அரசன் திரிசங்கு தன் மகனுக்காகப் பிராமணர் புஷ்கரசாரியின் மகளைக் கேட்கிறான். பிராமணர் சினக்கிறார். மனிதருள் பிறப்பால் பேதமில்லை என்று அரசன் வாதிடுகிறான். முடிவில் பிராமணர் இசைகிறார். அங்கே வென்றது நியாயம். லால்பஜாரில் பேசியதோ அதிகாரம்.

அன்பர்களே, தருமம் கற்பிக்கும் கண்காணிப்பு ஒன்றே. அது தன் மனத்தைத் தான் பார்த்தல். மகளின் கைப்பேசியைச் சோதிக்குமுன், நம்முள் எழுவது அவள்மீதுள்ள அன்பா, ஊர்ப்பேச்சின் அச்சமா என்று ஆராய்வோமாக. சாதியைத் துறந்தோம் என்று திரிசரணம் கூறிய நாவினாலேயே சம்பந்தியின் சாதியை வினவுவோமாயின், நாம் துறந்தது யாது? அரசோ சுற்றமோ அநீதி இழைக்கையில் அஞ்சாது மறுத்துரைப்பதும் நற்பேச்சே. துரத்தப்பட்ட இணையொன்று நம் வாயிலில் வந்து நிற்குமாயின், அவர்கள் வயதும் மனவொப்பும் அறிந்தால் போதும். குலம் கேளாது கதவு திறப்பதே உபாசகர் கடன்.