பாஸ் கொடுத்தவர்கள்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய அம்முகுடாவில், 1936இல், ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் துளசிதாஸ் பலராம் பிறந்தார். பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கென்று வந்து லாலாகுடா, மெட்டுகுடா, பொலாரம் என்று இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் அநேகம். எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அதனால் பலராம் பெயரைச் சொல்லும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் தோரணை வந்துவிடும். போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஃபுட்பால் பூட்ஸாக மாற்றி வாங்கிக்கொண்டார் என்பது அவரைப் பற்றி இங்கே சொல்லப்படும் கதை. இருபது வயதில் அவர் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆடினார். அந்த அணி நான்காவது இடம் பிடித்தது.

அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமும் ஹைதராபாத்காரர்தான். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். காச்சிகுடாவிலும் சாதர்காட்டிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் கையில் வந்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் ரோவர்ஸ் கோப்பையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாத்தியார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நன்றாகப் படிக்கும் பையனை விட்டுவிட்டு, அவன் பக்கத்தில் யாரை உட்கார வைக்கலாம் என்று யோசிப்பார்கள். ரஹீம் அணி அமைத்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழக்கம்தான் நினைவுக்கு வரும்.

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் எதிரணி தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததைக் கண்டித்து இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி பேசிவிட்டிருந்தார். ஊரே இந்தியர்கள்மேல் கொதித்துக் கிடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் நிறைந்த மைதானத்தில் நம்மவர்களுக்குக் கிடைத்தது கூச்சல் மட்டும்தான். கோல் காக்க நின்ற பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்தார். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டிருக்காமல் முன்வரிசைக்கு ஏற்றி ஆடவிட்டார் ரஹீம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், இரண்டுக்கு ஒன்று என்று தங்கம். புற்றுநோய் பிடித்திருந்த ரஹீம் அடுத்த ஜூன் மாதம் இறந்துபோனார்.

அந்த முன்வரிசையில் பி.கே., சூனி கோஸ்வாமி, பலராம் மூவரையும் சேர்த்துத்தான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் கல்கத்தாவில் சூனி மோகன் பகான், பலராம் ஈஸ்ட் பெங்கால், பி.கே. ஈஸ்டர்ன் ரயில்வே. வருடத்தில் பெரும்பகுதி ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள். 1961இல் பலராம் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைமை ஏற்று, 23 கோல் அடித்து, லீக் கோப்பையை வாங்கியபோது சூனிக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா என்ன? ஒரே அணியில் ஆடியவர்கள் எல்லாம் உயிர்த் தோழர்கள் என்று நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆட்டத்தில் உண்டாகும் உறவுக்கு அன்பு கட்டாயமில்லை. பந்து வருவதற்கு முன்பே அடுத்தவன் எங்கே ஓடுவான் என்று தெரிந்திருந்தால் போதும். அவன் வீட்டில் என்ன குழம்பு, அவனுக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் தெரியாமலே இந்த அறிவு வந்துவிடும். வந்தபின் போகாது.

அது வாழ்க்கைக்குத் துணையாகுமா என்றால், அங்கேதான் சிக்கல். உடம்பு கெட்டு இருபத்தேழு வயதுவாக்கில் பலராம் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். சூனிக்கு 1983இலும் பி.கே.வுக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருக்கு அர்ஜுனா விருதோடு சரி. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை. பழைய அணி அவருடைய தனிமையைத் தீர்த்து வைத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நண்பன் செய்கிற காரியத்தை அணித் தோழன் செய்வதில்லை.

அவன் செய்வது வேறொன்று: சாட்சியாக இருப்பது. அந்தக் கால ஆட்டங்களின் படச்சுருள் மிகக் குறைவு. ரோமில் 1960இல் ஹங்கேரிக்கு எதிராக பலராம் கோல் அடித்தார் என்று ஸ்கோர் அட்டை சொல்லும். எந்தக் காலால் பந்தை நிறுத்தினார், எதிரில் வந்தவனை எப்படி ஏமாற்றினார் என்பதைப் பக்கத்தில் ஓடியவன்தான் சொல்ல முடியும். 2020 மார்ச் 20இல் பி.கே. போனார், ஏப்ரல் 30இல் சூனி. மிஞ்சிய பலராமும் 2023 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த வருடம்தான் ரஹீமைப் பற்றிய ‘மைதான்’ இந்திப் படம் தியேட்டருக்கு வந்தது. அதில் பலராமாக ஒரு நடிகர் ஓடுகிறார், நன்றாகவே ஓடுகிறார்; இல்லை, அப்படி இல்லை என்று தட்டிச் சொல்லத்தான் அந்த மூவரில் ஒருவரும் இல்லை.

ஒலிம்பிக்ஸ் ஆடியவர் கதையே இப்படியென்றால் பள்ளிக்கூட அணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செகந்திராபாத்தில் நான் படித்த பள்ளியின் பாஸ்கெட்பால் கேப்டனைப் போல லே-அப் போட்டவனை நான் பிறகு நேரில் பார்த்ததில்லை. சிமென்ட் தரை, வலை இல்லாத ரிங், மழையில் உப்பிய பலகை. அங்கே அவன் இடது பக்கம் பாவ்லா காட்டி வலது பக்கம் ஏறும்போது, அடுத்த பள்ளி பி.டி. மாஸ்டரே தன்னை மறந்து கைதட்டுவார். நான் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்; ஆகவே முழுதாகப் பார்த்தவன். மாநில அணித் தேர்வு வரை போனான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் முட்டி போயிற்று. இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். தொப்பை வைத்திருக்கிறான். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. அவன் அரசியலைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஆனாலும் எப்போதாவது பழைய அணி கூடி இரானி ஹோட்டலில் உட்காருவோம். போன தடவை கேப்டன் தன் மகனையும் அழைத்து வந்திருந்தான். காலேஜ் பையன், ஆறடி உயரம். அவன் உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயில் நனைத்தபடி என்னிடம் கேட்டான்:

“அங்கிள், அப்பா நிஜமாவே அவ்வளவு நல்லா ஆடுவாரா? வீட்ல அவர் சொல்றத யாரும் நம்பறதில்ல.”

நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். மண்டல ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் ரெண்டு பாயின்ட் பின்தங்கியிருந்தோம் என்று நான் சொன்னேன். ஒரு பாயின்ட்தான் என்று பாயின்ட் கார்டாக ஆடியவன் மேஜையைத் தட்டினான். அந்த பாஸைக் கொடுத்தது தான்தான் என்று இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஷாட் போர்டில் பட்டுத்தான் விழுந்தது என்றான் ஒருவன். ரிங்கைக்கூடத் தொடவில்லை என்றான் இன்னொருவன். கேப்டனைக் கேட்டோம். தனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் எதிராளியின் முழங்கை விலாவில் இடித்ததுதான் என்றான் அவன். “உனக்கு என்னடா தெரியும், நீ பந்தைத்தானே பாத்துட்டிருந்தே” என்று அவனை அடக்கிவிட்டு, பையன் பக்கம் திரும்பி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.