குட்டியை யாரிடம் கொடுப்பது?

ராட்வைலர் குட்டி கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?" என்பதுதான். "காசு கொடுக்கிறோம்ல?" என்று சிலர் கோபிப்பார்கள்.

கைக்குள் அடங்கும் இந்தக் குட்டி இரண்டு ஆண்டில் 50 கிலோவைத் தொடலாம். காவல் அதன் பிறவிக் குணம். ஆளோடு பழக்காமல் கேட்டருகே சங்கிலியில் கட்டியே போட்டால், வருவோர் போவோரைக் கடிக்கும். பழி நாய்மேல் விழும். நகராண்மைக் கழக உரிமம் மட்டும் இதைத் தடுக்காது.

ஆசையோடு கேட்பவருக்கு மறுப்பது பாவமா? இல்லை. ஆசைப்படுவது வேறு, அதன் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வது வேறு. குட்டியால் வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்காக நாம்தான் பேச வேண்டும். கைமாறியதும் கடமை தீராது. "முடியலன்னா என்கிட்டயே கொண்டு வாங்க" என்று சொல்ல முடிந்தால் மட்டும் கொடுங்கள், தம்பி தங்கைகளே.