அரைப்பேர்

பதுளை மலைத்தோட்டங்களில் மாலையில் கொழுந்து நிறுக்கப்படும்போது, ஒரு பெண்ணின் பகற்பொழுது முழுவதும் ஓர் எண்ணாகிவிடுகிறது. தோட்டம் வகுத்த நிறை இருந்தால் ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. மழை பெய்ததா, மலை செங்குத்தானதா, பிள்ளை காய்ச்சலில் கிடந்ததா என்று செக்ரோல் கேட்பதில்லை. மனிதரை எண்ணாக்குவது அறமாகுமா?

எண்ணை வெறுத்தொதுக்குவது எளிது. ஆயின், எண்ணப்படாதவனின் துயரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடளாவிய நிலையில் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ சுமார் 32 சதவீதம். முதல் எண்ணோடு நின்றிருந்தால், லயத்துப் பிள்ளைகளின் பசி நாட்டின் சராசரிக்குள் புதைந்து போயிருக்கும். எண் நமது பகையன்று. கேள்வியை முடித்து வைக்கும் எண்ணே பகை.

இதனைப் புள்ளிவிபர அறிஞர்களே உணர்ந்திருந்தனர். 1973இல் அன்ஸ்கொம் என்பவர் நான்கு அட்டவணைகளை முன்வைத்தார். நான்கிலும் சராசரி முதலிய அளவுகள் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தாலோ நான்கும் நான்கு வெவ்வேறு உருவங்கள்! முன்கூட்டிய முடிவுக்குச் சான்று தேடுவதோடு நில்லாமல், தரவுகளைத் துருவிப் பார்த்து அவை எழுப்பும் கேள்விகளைக் கேட்க வேண்டுமென 1977இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் டூக்கி வலியுறுத்தினார்.

கணினி அந்தத் தேடலுக்குக் கை கொடுத்தது. திரையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளி. உயரம் குன்றியோரின் புள்ளிகளை ஒரு படத்தில் தொட்டால், அதே பிள்ளைகள் அடுத்த படத்திலும் ஒளிர்கின்றனர். அவர்களின் வீட்டுக்கும் குடிநீருக்கும் எவ்வளவு தூரம்? தாயின் கல்வி எத்துணை? இத்தகைய ஆய்வுக்குப் பயன்படும் ‘ஆர்’ என்னும் மென்பொருள், 1990களின் முற்பகுதியில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழக ஆசிரியர் இருவரால் தொடங்கப்பட்டது. இன்று அதனை எவரும் விலையின்றிப் பெறலாம்.

எனினும், கருவியைத் தொழுவதும் மடமையே. 20 ஏக்கரும் 10 குடியிருப்புத் தொழிலாளரும் குறையாமல் உள்ள இடமே நமது தொகைமதிப்பில் ‘தோட்டம்’. அதனினும் சிறிய தோட்டத்தில் உழைப்பவர் வேறு கூட்டில் மறைந்து விடுகிறார். கேட்கப்படாத கேள்விக்கு எந்த வண்ணப்படமும் விடை தராது.

கண்டால் மட்டும் போதுமா? கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, லயங்களும் அங்கேயே இருந்தன. கண்டபின் வாளாவிருப்பவன் காணாதவனினும் பெரிய குற்றவாளி அல்லவா?

ஆகவே, நாம் வேண்டுவது இரண்டு: காண்பவர் தாம் கண்டதற்குப் பொறுப்பேற்க வேண்டும்; காணப்படுவோர் கையிலும் அக்கருவி இருக்க வேண்டும். ஊவாவின் ஆசிரியர்களே, மாணவர்களே, இது உங்கள் பணி. அரைப்பேர் வாங்கியவளின் மகள் திரையின் முன் அமர்ந்து, தன் தாயின் புள்ளியைத் தொட்டு, ‘இது ஏன் இங்கே நிற்கிறது?’ என்று கேட்கட்டும். கேட்பவள் அவளாயின், விடை சொல்லாமல் எவரும் எளிதில் எழுந்து போய்விட முடியாது.